சாவிச் சத்தம்

அந்தக் காணொளி 11 நிமிடம்தான் ஓடுகிறது. முன்னறை அலமாரிக்கு மேல் பழைய போன் ஒன்றைச் சாய்த்து வைத்துவிட்டு, நானும் மனைவியும் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினோம். முதல் இருபது விநாடி எங்கள் நாய் ரோசி கதவையே பார்த்தபடி நிற்கிறாள். எங்கள் மோட்டார் சைக்கிள் சரிவில் இறங்கி, கலகெதர டவுன் பக்கம் திரும்பும் சத்தம் தேய்கிறது. பிறகு நடக்கத் தொடங்குகிறாள். கதவு, ஜன்னல், அம்மாவின் கட்டில், மறுபடியும் கதவு. நாலாவது சுற்றில் வாய் பிளந்து மூச்சிரைக்கிறது. வெயிலும் இல்லை, அவள் ஓடவும் இல்லை. ஆறாவது நிமிடம் இரண்டு முன்னங்கால்களாலும் பலாப்பலகைக் கதவைப் பிறாண்டுகிறாள். எட்டாவது நிமிடம் தலையை நிமிர்த்தி ஊளையிடுகிறாள். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி சீமெந்துத் தரையில் ஒரு சின்னக் குளமாகிறது. தட்டில் அவளுக்கென்று வைத்துவிட்டுப் போன பொரித்த நெத்தலி அப்படியே கிடக்கிறது. வேறு நேரமென்றால் தட்டு தரையில் படுவதற்கு முன்பே அது காலி.

மிருக வைத்தியர் கேட்டதற்காக எடுத்த படம் அது. "திட்டுறதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்திருங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அதுவரை நாங்கள் திட்டிக்கொண்டுதான் இருந்தோம். வேலை விட்டு வந்தால் கால்மிதி பஞ்சு பஞ்சாகக் கிடக்கும். கதவு நிலையில் புதுப் பல் தடம் இருக்கும். முற்றத்துக்குப் போய்வரப் பழகிய நாய், நடுவீட்டில் சிறுநீர் கழித்திருக்கும். விட்டுவிட்டுப் போனதற்குப் பழிவாங்குகிறாள் என்பது என் தீர்ப்பு. சுருட்டிய பத்திரிகையை நான் தரையில் அடித்துக் காட்டியதும் அவள் காதுகளைப் பின்னுக்கு மடித்து, கண்ணைத் தாழ்த்தி, வயிறு தரையில் படக் குறுகுவாள். "பாரு, செஞ்சது தப்புன்னு அதுக்கே தெரியுது" என்பேன். அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சாட்சி செல்லாது என்பதை 2009இலேயே காட்டிவிட்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 வளர்ப்பு நாய்களை வைத்து ஒரு சின்ன நாடகம் நடத்தினார். தின்னக்கூடாது என்று தின்பண்டம் ஒன்றைக் காட்டிச் சொல்லிவிட்டு வளர்ப்பவர் அறையை விட்டுப் போக வேண்டும். திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்று அவருக்குச் சில சமயம் உண்மையும் சில சமயம் பொய்யும் சொல்லப்படும். 'குற்ற முகம்' தின்ற நாய்க்கு வரவில்லை, திட்டு வாங்கிய நாய்க்குத்தான் வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள்தான் அதிகமாகக் குறுகின. ஆக, ரோசி என் முகத்தைப் பார்த்துத்தான் குறுகினாள், கால்மிதியை நினைத்து அல்ல. நாங்கள் போவது ஒரு பயம், நாங்கள் வருவது இன்னொரு பயம் என்று ஒரு நாளைக்கு இரண்டு பயங்களை அந்த நாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

*

கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகலுக்கு ஏறி இறங்கும் வீதியில் இருக்கிறது கலகெதர. கண்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர். வீதியோரக் கடைகளைத் தாண்டி உள்ளே நுழைந்தால் மிளகுக் கொடி, கராம்பு, பலா, கோப்பி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் வீட்டுத் தோட்டங்கள். இப்படிப்பட்ட தோட்டத்துக்கு நாய் ஓர் அவசியம். இரவில் பன்றி வரும், பகலில் குரங்கு வரும். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டில் நாய் இருந்தது என்று சொல்வதைவிட, எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு நாய் இருந்தது என்று சொல்வதே சரி. காலையில் எங்கள் குசினி வாசல், பத்து மணிக்குக் கடை வாசல், மத்தியானம் யார் வீட்டில் கருவாடு மணக்கிறதோ அங்கே. கழுத்தில் பட்டி கிடையாது, கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது.

நாயும் ஊரும் ஒன்று என்பது இந்தத் தீவின் பழைய கணக்கு. விஜயனும் தோழர்களும் கரையிறங்கிய கதையில், குவேனியின் பணிப்பெண்ணான யக்கினி பெட்டை நாய் உருவில் வந்ததாக மகாவம்சம் சொல்கிறது. நாய் கண்ணில் பட்டதுமே பக்கத்தில் ஊர் இருக்கும் என்று நம்பித் தோழன் ஒருவன் அதன் பின்னால் போகிறான். நாய் இருக்குமிடத்தில் ஆள் இருக்கும் என்ற நம்பிக்கை மனிதனுக்கு. தான் இருக்குமிடத்தில் ஆள் இருக்கும் என்ற நம்பிக்கை நாய்க்கு.

கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாகத் தெருநாய்களை ஆராய்கிறது. முன்பின் தெரியாத ஆள் ஒருவர் சில நாய்களுக்குத் தொடர்ந்து இறைச்சி கொடுத்தார், சிலவற்றைத் தொடர்ந்து தடவிக்கொடுத்தார். நாளாக ஆக அவரிடம் அதிக நம்பிக்கையோடு நெருங்கியவை, தடவிக்கொடுக்கப்பட்ட நாய்கள்தான். 2017இல் வெளியான ஆய்வு அது. குப்பை மேட்டில் பசியோடு அலையும் நாய்க்கும் சோற்றைவிட ஆள் பெரிதாக இருக்கிறதென்றால், சோறு நிறைய இருந்து ஆள் இல்லாத வீட்டில் நாய்க்கு என்ன நடக்கும்?

நாயின் வாழ்க்கையை நாம் மாற்றியதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வீதியில் வாகனம் பெருகியது. விசர்நாய்க்கடிப் பயம் என்றைக்குமே இருந்தது. தெருநாய்களைக் கொல்வதில்லை என்று அரசு 2006இல் முடிவெடுத்த பிறகு, தடுப்பூசியும் கருத்தடையுமே வழி என்றாகி, நாயை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு கூடியது. மதில் எழுந்தது, கேற்று வந்தது. நாய் உள்ளே வந்தது. அதே காலத்தில் ஆட்கள் வெளியே போனார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடு. வேலை நாளில் காலை எட்டு மணிக்குப் பிறகு நீங்கள் கூப்பிட்டால் ஒரு வீட்டில்தான் பதில் வரும்.

ரோசி வந்தது இதற்கு நேர்மாறான காலத்தில். 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு விழுந்தது. ஏப்ரலில் ஒரு நாள் பால்மா வாங்கப் போன என் மகள், பஸ் தரிப்பிடத்தில் யாரோ விட்டுப்போன பிஸ்கட் பெட்டியோடு திரும்பி வந்தாள். உள்ளே, கண் திறந்து சில நாளே ஆன குட்டி. தாயோடு குறைந்தது எட்டு வாரமாவது இருந்திருக்க வேண்டும், அந்தக் கொடுப்பினை அதற்கு இல்லை. அம்மா துணி நனைத்துப் பால் புகட்டினாள். ஜூன் 28 வரை ஊரடங்கு ஏதோ ஒரு வடிவில் இருந்தது. அதற்குப் பிறகும் பாடசாலை இல்லை, வகுப்பு இல்லை, வீடு நிறைய ஆட்கள். எல்லாம் பழையபடி ஆனபோதும் அம்மா இருந்தாள். ரோசி மூன்று வயது வரை ஒரு மணி நேரம்கூட வெறும் வீட்டைப் பார்த்ததில்லை.

2023இல் அம்மாவுக்கு முழங்கால் முடியாமல் போனது. எங்கள் சரிவில் அவளால் ஏறி இறங்க முடியவில்லை, மாத்தளையில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டாள். அதே மாதம் மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்து அவளும் போனாள். பெட்டி கட்டியதும், அழுததும், ஓட்டோவில் ஏற்றியதும் எங்களுக்கு நினைவிருக்கிறது. அடுத்த திங்கள் காலை கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனோம். நாயிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

*

தனியே விடப்பட்ட நாய்க்கு வரும் இந்தப் பயத்துக்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் பெயர் பிரிவுப் பதற்றம். பெயர் மிருதுவாக இருக்கிறது, நடப்பது அப்படி இல்லை. பூட்டிய மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்ட மனிதருக்கு மூச்சு முட்டுமே, அந்த மாதிரியான ஒன்று. அந்த நேரத்தில் நாய் எதையும் யோசித்துச் செய்வதில்லை. பல் உடையும் வரை கம்பியைக் கடிக்கும், நகம் பிய்ந்து இரத்தம் வரும் வரை பிறாண்டும். சில நாய்கள் மாடி ஜன்னலில் இருந்துகூடக் குதித்திருக்கின்றன.

குழந்தைகளுக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அளக்க மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1960களில் ஒரு சோதனையை வடிவமைத்தார். தெரியாத அறை, தெரியாத ஆள், தாய் வெளியே போகிறாள், திரும்பி வருகிறாள். குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். ஹங்கேரியில் யோஷெஃப் டோபாலும் கூட்டாளிகளும் அதே சோதனையை 1998இல் 51 நாய்களுக்கும் அவற்றை வளர்த்தவர்களுக்கும் நடத்தினார்கள். நாய்கள் குழந்தைகளைப் போலவே நடந்துகொண்டன. வளர்த்தவர் இருந்தால் அறையைச் சுற்றிப் பார்த்தன, விளையாடின. அவர் போனால் கதவடியில் நின்றன. 'பிள்ளை மாதிரி வளர்க்கிறோம்' என்று நாம் பேச்சுக்குச் சொல்வது அந்தளவுக்கு உண்மை. பிள்ளையாக இருந்தால் மூன்று வயதில் முதன்முறையாக, அதுவும் மணிக்கணக்கில் பூட்டிவிட்டுப் போவோமா என்பதுதான் என்னைக் குத்திய கேள்வி.

இது எவ்வளவு பரவலானது என்பதற்கு ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். பின்லாந்தில் 2020இல் வெளியான, ஏறத்தாழ 13,700 நாய்களை உள்ளடக்கிய ஆய்வில் 5 சதவீதம் நாய்களிடம் இது காணப்பட்டது. பிரித்தானியாவில் 1,800 நாய்களைக் கொரோனாக் காலத்தில் தொடர்ந்து பார்த்தவர்கள், முன்பு இந்தப் பிரச்சினை இல்லாத சில நாய்களிடம் அது புதிதாகத் தோன்றியதைக் கண்டார்கள். எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, வீட்டில் ஆள் இருக்கும் நேரம் மாறியதோடு அதுவும் மாறியது என்பது. எங்கள் ரோசியின் சரித்திரமும் அதுதான்.

எல்லாக் கடியும் குரைப்பும் இந்தக் கணக்கில் வராது. சும்மா பொழுதுபோகாத நாய் செருப்பை எடுத்துக் கடிக்கும், குப்பைக் கூடையைக் கவிழ்க்கும், பிறகு நன்றாகத் தூங்கும். பயந்த நாய் வாசலைத்தான் தாக்கும், நீங்கள் போன கதவை, நீங்கள் தெரியக்கூடிய ஜன்னலை. பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். பிடித்த சாப்பாட்டைத் தொடாது. சிறுநீர்த் தொற்று இருந்தாலும் வீட்டுக்குள் போகும், இடி இடித்தாலும் கதவைப் பிறாண்டும். அதனால்தான் வைத்தியர் படம் கேட்டார். இருக்கிற போனை அலமாரியில் சாய்த்து வைக்கச் செலவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில், நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை எங்களுக்கு ஒரு பஸ் மாறிப் போகும் தூரம்தான். ஆனால் வைத்தியசாலை மேசையில் ஏறிய நாய் வீட்டில் தனியே என்ன செய்கிறதென்று எந்த வைத்தியருக்கும் காட்டாது.

*

ஊளை எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. நாய் ஊளையிட்டால் அது யாரையோ கூப்பிடுகிறது, அந்த வீட்டுப் பக்கம் சாவு விழும் என்பது தமிழ் வீட்டிலும் சிங்கள வீட்டிலும் ஒரே நம்பிக்கை. அடுத்த வளவில் இருப்பவர்கள் சிங்களக் குடும்பம். அந்த வீட்டு அக்கா கண்டியில் வேலைக்குப் போகிறவர். அவருடைய தாயார், நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுகிறவர் (இரண்டு மொழிக்கும் பொதுவான சொல், வசதி), எண்பதைத் தாண்டியவர், நாற்காலியை விட்டு அதிகம் எழும்ப மாட்டார். தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் அரை மணி நேரம் ஊளையிட்டால் அந்த வயதில் ஒருவருக்கு எப்படி இருக்கும்? அக்கா சண்டைக்கு வரவில்லை. வேலியருகே நின்று, "அம்மா பயப்படுறாங்க தம்பி" என்றார். பிறகு கேற்றுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்த ரோசியைப் பார்த்து "அனே, பவ்" என்றார். பாவம் என்ற சொல்லைச் சிங்களத்தில் இன்னும் சுருக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள், எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். சங்கிலியில் கட்டினோம், மாலையில் கழுத்து ரோமம் வட்டமாக உதிர்ந்திருந்தது. இரும்புக் கூடு வாங்கினோம். கூட்டைத் தன் அறையாக நினைக்கப் பழகிய நாய்க்கு அது நல்லதுதான், பயந்த நாய்க்கு அது சிறைக்குள் சிறை. இரண்டாம் நாள் வாயோரம் கிழிந்திருந்தது, கூட்டை விற்றுவிட்டோம். இன்னொரு நாய் கொண்டுவரச் சொன்னார்கள். மச்சான் வீட்டு நாயை ஒரு வாரம் கொண்டுவந்து விட்டோம். அது மூலையில் சுருண்டு தூங்கியது, ரோசி அதைத் தாண்டித் தாண்டிக் கதவுக்கு நடந்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது நாயல்ல.

வானொலி விஷயம் இன்னும் வேடிக்கை. பேச்சுக்குரல் கேட்டால் ஆறுதலாக இருக்கும் என்று 'தென்றல்' போட்டுவிட்டுப் போனோம். பத்து நாளில், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீட்டில் இருந்துகொண்டே வானொலியைத் திருகினாலும் ரோசி நடுங்க ஆரம்பித்தாள். பாட்டு வந்தால் ஆள் போகும் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள்.

*

உண்மையில் வேலை செய்யும் வழி சலிப்பானது. அதனால்தான் யாரும் அதைச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

முதல் நிபந்தனையே தலையில் கல்லைப் போட்டது. பழக்கும் காலம் முழுவதும் நாயை அதன் தாங்குதிறனுக்கு மேல் தனியே விடக்கூடாது. மாலையில் ஐந்து நிமிடம் பழக்கிவிட்டுக் காலையில் ஆறு மணி நேரம் பூட்டிப்போட்டால், கட்டியதை நாமே இடிக்கிறோம். இந்தத் துறையில் பெயர்பெற்ற மெலீனா டிமார்டினி போன்ற அமெரிக்கப் பயிற்சியாளர்கள் இதை எழுதும்போது நாய்க்காப்பகம், சம்பளத்துக்கு வரும் துணையாள் என்று வரிசைப்படுத்துகிறார்கள். கலகெதரவில் அப்படி எதுவும் இல்லை. இங்கே இருப்பது வேலிதான்.

வேலிக்கு அந்தப் பக்கம், ஒழுங்கையில் பகலில் பதில் வரும் அந்த ஒரே வீட்டில், ஆச்சி தனியே இருந்தார். யோசனை அக்காவுடையது. கேட்க எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். பாடசாலை விட்டு மனைவி வர இரண்டு மணியாகும், அதுவரை ரோசி ஆச்சியின் நாற்காலிக்குக் கீழே. பணம் என்றதும் ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார், வாரத்துக்கு ஒரு கட்டு வெற்றிலைக்கு இறங்கி வந்தார். சாவுக்கு அழைப்பு விடுகிறது என்று அவர் பயந்த நாய், மூன்றாம் நாள் அவர் காலில் தலை வைத்துத் தூங்கியது. ஒரு மாதத்தில் ரோசிக்குச் சிங்களமும் வந்துவிட்டது. நான் 'உக்காரு' என்றால் யோசிப்பாள், ஆச்சி 'வாடிவென்ன' என்றால் உடனே உட்கார்வாள்.

பழக்குவது மாலையில். முதல் வாரம் நாங்கள் எங்கேயும் போகவில்லை. சாவியை மட்டும் எடுத்தோம். ஆணியில் இருந்து சாவிக்கொத்தை எடுப்பேன், அவள் துள்ளி எழுவாள், நான் சாவியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பத்திரிகை வாசிப்பேன், மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டு வெங்காயம் உரிப்பாள். பார்த்தவர்கள் எங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நாலாம் நாள் சாவிச் சத்தத்துக்குத் தலையை மட்டும் தூக்கினாள். ஆறாம் நாள் காது மட்டும்.

அதன் பிறகு கதவு. திறப்பது, மூடுவது. திறந்து ஒரு கால் வெளியே வைப்பது, திரும்புவது. வெளியே போய்க் கதவைச் சாத்தி ஒரு விநாடி. சீ.ஆர். கொப்பி ஒன்றில் எழுதி வைத்தேன்: 3, 5, 2, 8, 1, 10, 4. ஏன் இப்படி ஏறி இறங்க வேண்டும்? ஒவ்வொரு முறையும் நேரம் நீண்டுகொண்டே போனால், அடுத்தது இன்னும் மோசம் என்று நாய் கற்றுக்கொள்ளும். போனில் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அவள் உதட்டை நக்கினால், காரணமில்லாமல் கொட்டாவி விட்டால், ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி உறைந்து நின்றால், அதுதான் எல்லை. அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். ஊளையிட்ட பிறகு திரும்பினால் தாமதம். பயத்தைத் தாங்கப் பழக்குவதல்ல இது. பயம் வருவதற்கு முன் ஆள் வந்துவிடுகிறார் என்று திரும்பத் திரும்பக் காட்டுவது. ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் செய்யவில்லை, ஞாயிறு முழு விடுமுறை.

நாற்பது விநாடியில் ஒன்பது நாள் சிக்கிக்கொண்டோம். அந்த ஒன்பது நாளில் இரண்டு தடவையாவது "ஒரு நாய்க்காக" என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். மனைவிதான் கொப்பியைப் பழைய பக்கத்துக்குப் புரட்டி, "மூணு விநாடில நடுங்கினவ இவ" என்று காட்டினாள். பிறகு என்ன ஆனதென்று தெரியாது, ஒரு கிழமைக்குள் இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். அனுபவமுள்ளவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். முதல் சில நிமிடங்களுக்கு வாரக்கணக்கு பிடிக்கும், அரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பாய்ச்சல் பெரிதாகும்.

போகும்போதும் வரும்போதும் நாயைக் கண்டுகொள்ளாதே என்று பலர் சொல்வார்கள். நான் அதை முழுதாகக் கேட்கவில்லை. கட்டிப்பிடித்து அழத் தேவையில்லை, ஆனால் போய்வருகிறேன் என்று தலையைத் தடவுவதில் நாய் கெட்டுப்போனதாக நான் காணவில்லை. சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். சோறு அடைத்த ரப்பர் பந்து பொழுதுபோகாத நாய்க்கு நல்லது. பயந்த நாய்க்கு அது ஒரு அளவுகோல், தின்கிறதா இல்லையா என்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

மருந்தும் உண்டு, வெட்கப்படத் தேவையில்லை. நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்று குளோமிப்ரமினை 1998இலும் ஃபுளுவொக்ஸடினை 2007இலும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகரித்தது. இரண்டுமே பயிற்சியோடு சேர்த்துக் கொடுப்பதற்கு, பயிற்சிக்குப் பதிலாக அல்ல. கொடுத்த அன்றே கேட்காது, சில வாரம் பிடிக்கும். மயக்கிப் போடும் மருந்தும் அல்ல. பயம் ஒரேயடியாக உச்சிக்கு ஏறிவிடும் நாய்க்கு, கற்றுக்கொள்ளும் அளவுக்கு அதைக் கீழே இறக்குகிறது. வீட்டு அலமாரியில் அதே பெயரில் மனிதருக்கு எழுதிக்கொடுத்த குளிசை இருந்தால் அதை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். எடை பார்த்து அளவு சொல்ல வைத்தியர் இருக்கிறார். ரோசிக்கு ஐந்து மாதம் கொடுத்தோம், அவர் சொன்னபடி மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினோம்.

இடையில் சித்திரை வந்தது. புத்தாண்டுப் பட்டாசு ஒரு பக்கம், அந்த மாதத்துப் பிற்பகல் இடி மறுபக்கம். சத்தத்துக்குப் பயப்படும் நாய்க்குத் தனிமைப் பயமும் சேர்ந்தே இருப்பது சகஜம், ஒன்று மற்றதை ஊதிவிடும். 25 நிமிடத்தில் இருந்தவள் 3 நிமிடத்துக்கு விழுந்தாள். கொப்பியில் அந்தப் பக்கத்தை மனைவி சிவப்புப் பேனையால் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். மே மாதம் முழுவதும் விட்ட இடத்துக்கு ஏறவே போனது.

இந்தக் கதையைச் சொன்னால் யாராவது ஒருவர் கட்டாயம் ஹச்சிகோவைக் கொண்டுவருவார். தோக்கியோவில் பேராசிரியர் உயெனோ 1925 மே மாதம் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோக, அவருடைய நாய் 1935 மார்ச்சில் தான் சாகும் வரை ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய்க் காத்திருந்த கதை. "நன்றியுள்ள நாய் அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். கேட்கச் சுகமாக இருக்கும், எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. ஆனால் ஹச்சிகோவுக்குக் கதவு திறந்திருந்தது. ரயில் வரும் நேரம் பார்த்து நடந்து போனான், வழியில் நாலு பேரைக் கண்டான். கதவைப் பிறாண்டி நகம் பிய்ந்த நாயிடம் போய் நன்றி என்று சொல்லி நாம் பெருமைப்படுவது, அதன் நடுக்கத்தை நமக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொள்வது.

புதிதாகக் குட்டி எடுக்கிறவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. வந்த முதல் வாரத்திலிருந்தே, பக்கத்து அறைக்குப் போய்வரும் சாக்கில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று தனியே விட்டுப் பழக்கினால் போதும். வீட்டில் ஒருவர் வெளிநாடு போகிறார், பிள்ளை விடுதிக்குப் போகிறது, வயதானவர் இடம் மாறுகிறார் என்றால் அதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். பெட்டி கட்டும் நாள் தெரிகிறதல்லவா.

*

கடைசியாகப் பார்த்த காணொளி 1 மணி 40 நிமிடம். பெரும்பாலும் ஒன்றுமே நடப்பதில்லை. அம்மாவின் கட்டில் காலடியில் படுத்திருக்கிறாள். ஐம்பதாவது நிமிடத்தில், பீத்தோவனின் அந்தப் பழைய மெட்டைத் தகர ஒலியில் இசைத்துக்கொண்டு பாண்காரரின் ஓட்டோ ஒழுங்கை முனையில் வருகிறது. ஒரு காதைத் தூக்குகிறாள். எழுந்து ஜன்னல் வரை போகிறாள், பார்க்கிறாள். திரும்பி வரும் வழியில் தட்டில் மிச்சமிருந்த நெத்தலியை நக்கி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறாள். படுத்துக்கொள்கிறாள்.

இப்போது மத்தியானம் வரை தாங்குகிறாள். அதனால் ஆச்சி வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினோம். அந்த வாரம் வெள்ளிக்கிழமை வெற்றிலைக் கட்டைக் கொடுக்கப் போன மனைவியிடம், நாய்க்கு உடம்பு சரியில்லையா என்று ஆச்சி கேட்டிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறாள், தனியே இருக்கப் பழகிவிட்டாள் என்று மனைவி சொன்னாள். ஆச்சி வெற்றிலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் இருந்தாராம்.

செவ்வாயும் வியாழனும் ரோசி மறுபடியும் அங்கேதான்.